காரியாலய டெலிபோனுக்கு டயல் விதி வகுத்தல்

புணே ரயில் நிலையத்தை விட்டுக் கிழக்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை கோர்படியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை சோலாப்பூருக்கும் மற்றொன்று மிரஜுக்கும் செல்கின்றன. பிரியும் இடத்திலுள்ள பாதைமாற்றி எப்பக்கம் வைக்கப்பட்டிருக்கிறதோ அப்பக்கமே வண்டி செல்லும். அதைக் கடந்துவிட்ட பின்னர், போக வேண்டிய ஊர் வேறு என்று அறிவதால் பயனில்லை. அவ்வூரில் புதிதாக ஒரு காரியாலயம் அமைகிறதென்றும், அதில் மேசைக்கு மேசை டெலிபோன் வைக்கப்படுகிறதென்றும் கொள்க. அங்கே ஒருவர் டயல் செய்யும் ஒவ்வோர் இலக்கமும் இத்தகைய பாதைமாற்றியே ஆகும். எந்த இலக்கம் எந்தப் பாதையைத் திறக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஏற்பாட்டுக்கு டயல் விதிகள் என்று பெயர்.

இவ்வேலை பெரும்பாலும் கருவியைப் பொருத்த வரும் தொழிலாளியிடம் விடப்படுகிறது. அவரும் கட்டடத்தின் அறை எண்களைப் பார்த்து, முதல் மாடியின் அறைகளுக்கு 101, 102, 103 என்று எக்ஸ்டென்ஷன் எண்களைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அறைக் கதவில் உள்ள எண்ணே டெலிபோனின் எண்ணாகவும் இருப்பது நினைவுக்கு எளிது. எவரும் குறை கூறுவதில்லை. ஆனால் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு மேல் ஊழியர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். அருகிலிருப்பவர் ஓடிச் சென்று 108 ஐ டயல் செய்கிறார். மணி அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. அது பூட்டிக் கிடக்கும் 108 ஆம் அறையில், பழைய கோப்புகளுக்கு நடுவே, அடித்துக்கொண்டிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 2014 முதல் அவசர மருத்துவ ஊர்திக்குரிய எண் 108 என்பதை அந்தக் காரியாலயத்தின் எக்ஸ்சேஞ்சு அறியாது. அதற்கு எவரும் சொல்லவில்லை.

இலக்கங்கள் ஏறிச் செல்லும் விதம்

டயல் விதிகளின் தருக்கத்தை அறிய, பழைய இயந்திர எக்ஸ்சேஞ்சை ஒரு முறை நோக்குவது நலம். அமெரிக்காவின் கான்ஸஸ் நகரில் பிணக்கிடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், டெலிபோன் ஆபரேட்டரின் கையை நம்பாமலே ஒருவர் மற்றொருவரை அழைக்கும் சாதனத்துக்கு 1891 இல் காப்புரிமை பெற்றார். தமக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் தம் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற ஐயமே அவரை இதில் இறக்கியது என்பர். அடுத்த ஆண்டிலேயே இண்டியானா மாநிலத்து லா போர்ட் என்னும் ஊரில் அவ்வகை எக்ஸ்சேஞ்சு திறக்கப்பட்டது. இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882 இல் திறக்கப்பட்டவை யாவும் கையால் இணைக்கப்பட்டவை. தானியங்கி எக்ஸ்சேஞ்சு முதன் முதலாக சிம்லாவில் 1913-14 இல் வந்தது.

ஸ்ட்ரோஜர் கருவியில் ஒரு தண்டும் அதனுடன் ஒரு துடைப்புக் கரமும் உண்டு. சந்தாதாரர் 4 என்று சுழற்றினால் கம்பியில் மின்னோட்டம் நான்கு முறை துண்டிக்கப்பட்டு மீள்கிறது; கரம் நான்கு படி மேலேறி நிற்கிறது. அப்படியில் வளைவாக அமைந்த பத்து முனைகளில், எது வேலையின்றி இருக்கிறதோ அதன் வழியாக அழைப்பு அடுத்த கருவிக்குச் செல்கிறது. அங்கே அடுத்த இலக்கம் தன் வேலையைச் செய்கிறது. இறுதிக் கருவியில் மட்டும் இரண்டு இலக்கங்கள் பயன்படும்: முதலாவது கரத்தை ஏற்றுகிறது, இரண்டாவது அதனைப் பக்கவாட்டில் திருப்புகிறது. 0 என்பது பத்துத் துடிப்பு. டெலிபோன் இலாகாவினர் இன்றும் ஒன்றாம் நிலை, இரண்டாம் நிலை என்று எண்களின் முதல் இலக்கத்தைக் குறிப்பது இந்தப் படிகளின் நினைவே ஆகும்.

ஒன்றாம் நிலையில் சாதாரணச் சந்தாதாரர்களை வைக்கும் வழக்கம் ஏற்படாததற்கும் ஒரு காரணம் உண்டு. ஒலிவாங்கியை எடுக்கும்போது கொக்கி சற்றே துள்ளினாலும், காற்றில் கம்பிகள் உரசினாலும் ஒரு துடிப்பு உண்டாகும். அதனை எக்ஸ்சேஞ்சு 1 என்று எண்ணிவிடும். லண்டனில் 1937 இல் உலகின் முதல் பொது அவசர எண் ஏற்படுத்தப்பட்டபோது 111 ஐ விலக்கி 999 ஐத் தேர்ந்ததற்கு இந்தப் பொய்த் துடிப்புகளும் காரணம். அந்த எண் பிறந்த வரலாறு துயரமானது. 1935 நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் மாண்டனர். எதிரே இருந்த ஒருவர் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல முயன்றபோது, அவருடைய அழைப்பு மற்ற அழைப்புகளுடன் வரிசையில் காத்துக் கிடந்தது. அவசர அழைப்பை மற்றவற்றிலிருந்து முதல் இலக்கத்திலேயே பிரித்தறிய வேண்டும் என்ற கொள்கை அன்று பிறந்தது. இந்தியாவில் விசேஷ சேவைகள் ஒன்றாம் நிலையில் வைக்கப்பட்டன: போலீஸ் 100, தீயணைப்பு 101, மருத்துவ ஊர்தி 102, 108. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான 112, 2018 இறுதியில் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளில் பிற மாநிலங்களுக்கும் வந்தது. நான்கு இலக்கமுள்ள 1098 குழந்தைகளுக்கான உதவிக்கும், 1930 இணையவழிப் பண மோசடியைத் தெரிவிப்பதற்கும் உரியவை.

ஆகவே காரியாலயத்துக்குள் வகுக்கப்படும் எண்களில் ஒன்றாம் நிலையைத் தொடாமல் விட்டுவிடுவதே முதல் விதி. அறை எண் வசதி என்ற ஆசைக்கு இடங்கொடுத்தால் என்ன நேரும் என்பது மேலே கூறப்பட்டது.

ஆயிரம் பங்குக் கணக்கு

எக்ஸ்டென்ஷன் எண்களுக்கு எத்தனை இலக்கம் வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பலரும் ஊழியர் தொகையை மட்டும் எண்ணி விடை கூறுவர். அது போதாது. ஓர் எண் முற்றுப்பெற்றவுடன் எக்ஸ்சேஞ்சு அழைப்பை இணைத்துவிடுமாகையால், எந்த எண்ணும் மற்றோர் எண்ணின் தொடக்கமாக அமைந்துவிடக் கூடாது. 23 என்பது கணக்கருடைய எண்ணாகவும் 235 என்பது நூலகத்தின் எண்ணாகவும் இருந்தால், நூலகத்தை அழைப்பவர் மூன்றாவது இலக்கத்தை அழுத்துமுன் கணக்கரின் மணி அடிக்கும். அடிக்காமல் சற்றுப் பொறுத்திருக்கும்படி எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டளையிடலாம். அப்போது கணக்கரை அழைக்கும் ஒவ்வொருவரும் நான்கைந்து விநாடி வீணே காத்திருக்க நேரும்.

இதனை ஆசிரியர்கள் வகுப்பில் கரும்பலகையில் ஒரு மரமாக வரைந்து காட்டலாம். வேரிலிருந்து பத்துக் கிளைகள், ஒவ்வொரு கிளையிலிருந்தும் பத்து, அவற்றிலிருந்தும் பத்து. மூன்றாம் வரிசையில் ஆயிரம் நுனிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு நுனியையும் ஒரு பங்கு என்று கொண்டால், காரியாலயத்தின் மொத்தச் சொத்து ஆயிரம் பங்கு. மூன்று இலக்க எண் ஒன்று ஒரு பங்கைச் செலவழிக்கிறது. இரண்டு இலக்க எண் தன்னிலிருந்து கிளைக்கும் பத்து நுனிகளையும் வெட்டிவிடுவதால் பத்துப் பங்கு. ஒற்றை இலக்க எண் நூறு பங்கை விழுங்கிவிடும். நான்கு இலக்க எண் பத்தில் ஒரு பங்கே. எல்லாச் செலவும் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டாதவாறு வகுக்க வேண்டும். தாண்டினால் எங்கோ ஓரிடத்தில் ஓர் எண் மற்றோர் எண்ணை மறைத்தே தீரும். கூட்டித் தாண்டவில்லை என்பதனாலேயே மோதல் இல்லை என்று கூறிவிட முடியாது. எண்களை மரத்தில் குறித்துப் பார்க்கவும் வேண்டும்.

கோர்படிக் காரியாலயத்தில் 180 டெலிபோன்கள் தேவை எனக் கொள்க. 2 முதல் 5 வரையுள்ள நான்கு நிலைகளை மூன்று இலக்க எக்ஸ்டென்ஷன்களுக்கு ஒதுக்கினால் 400 எண்கள் கிடைக்கின்றன. தரை மாடிக்கு இருநூறுகள், முதல் மாடிக்கு முந்நூறுகள், இரண்டாம் மாடிக்கு நானூறுகள் என்று பிரித்துக்கொண்டால், அறை எண்ணை நினைவு வைத்திருப்போருக்கும் பெரிய சங்கடமில்லை: 108 ஆம் அறை 308 ஆகிறது. அழைப்பை மாற்றிவிடுதல், திருப்பிவிடுதல் முதலிய வேலைகளுக்கு ஆறாம் நிலையில் 60 முதல் 69 வரை. மும்பை முதலிய பிற ஊர்களிலுள்ள கிளைகளுக்குச் செல்லும் இணைப்புகளுக்கு ஏழாம் நிலை. எட்டாம் நிலை எதற்கும் கொடுக்கப்படாமல் இருக்கட்டும். பத்தாண்டு கழித்து வருபவர் அதற்காக நன்றி கூறுவார்.

ஒன்பதாம் நிலை இந்நாட்டு வழக்கப்படி ஆபரேட்டருக்கு. வரவேற்பறையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்காக நூறு பங்கைக் கொடுப்பது ஊதாரித்தனமாகத் தோன்றலாம். ஆனால் எந்த எண்ணும் அறியாத விருந்தினர் ஒற்றை இலக்கத்தில் ஒரு மனிதக் குரலை அடைய முடிகிறது. அது நூறு பங்குக்குத் தகும். வேறொரு தொல்லைதான் உண்டு. மொபைல் எண்களில் மிகப் பல 9 இல் தொடங்குகின்றன. பழக்கத்தால் ஒருவர் பத்து இலக்க மொபைல் எண்ணை அப்படியே அழுத்தினால், முதல் இலக்கத்திலேயே ஆபரேட்டர் வந்துவிடுகிறார். இன்றைய கருவிகள் பலவற்றில் எண் முழுவதையும் அழுத்தி முடித்த பின்னர் ஒருமிக்க அனுப்பும் வசதி இருப்பதால், பத்து இலக்கம் சேர்ந்து வந்தால் அது மொபைல் எண் என்று நீளத்தைக் கொண்டே கண்டுகொள்ளுமாறு விதி எழுதலாம். இலக்கம் இலக்கமாக அனுப்பும் பழைய கருவிக்கு இது இயலாது.

வெளியுலகத்துக்கு வாயில்

நகரத்து எக்ஸ்சேஞ்சின் பாதையைப் பிடிக்க முதலில் 0 ஐ அழுத்துவதும், வேறொரு டயல் ஓசை கேட்ட பின்னர் எண்ணை டயல் செய்வதும் இந்தியக் காரியாலயங்களில் ஊறிப்போன வழக்கம். அந்த 0 வும் எஸ்.டி.டி. குறியீட்டின் தொடக்கத்திலுள்ள 0 வும் வேறு வேறு. மும்பைக்கு 022 என்றால், காரியாலய டெலிபோனில் 0022 என்று அழுத்த வேண்டும். ஐ.எஸ்.டி. அழைப்பும் 00 இல் தொடங்குவதால், புதியவர் எவரும் இவ்விடத்தில் தடுமாறுவர்.

இச்சிக்கலை அவிழ்க்க நாட்டின் எண் திட்டத்தை அறிய வேண்டும். நம் நாட்டில் சந்தாதாரர் தாமே டயல் செய்யும் டிரங்கு வசதி 1960 இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. அதன் பின்னர் ஒவ்வோர் ஊருக்கும் குறியீடு கிடைத்தது. பெரிய ஊருக்குச் சிறிய குறியீடு, சிறிய ஊருக்குப் பெரிய குறியீடு. புணேயின் குறியீடு முன்னர் 0212 ஆக இருந்தது. நகரம் வளர்ந்து எண்கள் நீளவே குறியீடு 020 எனச் சுருங்கியது. இப்போது முதலிலுள்ள 0 ஐ விலக்கிவிட்டு எண்ணிப் பார்க்க: புணே 20, அதனுடன் எட்டு இலக்கம், சோலாப்பூர் 217, அதனுடன் ஏழு, லோனாவாலா 2114, அதனுடன் ஆறு. எல்லாம் பத்து. மொபைல் எண்ணும் பத்து. இவ்வொற்றுமை தற்செயலன்று, திட்டமிட்டுச் செய்யப்பட்டது. எண் எந்த இலக்கத்தில் முடிகிறது என்பதை எக்ஸ்சேஞ்சு காத்திராமலே அறிவதற்கு இதைவிடச் சிறந்த உதவி வேறில்லை.

2021 ஜனவரி 15 முதல் நிலைத் தொலைபேசியிலிருந்து மொபைலை அழைப்பவர் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று ஆணை வந்தபோது பலர் முணுமுணுத்தனர். காரணம் மேற்சொன்ன மரத்திலேயே இருக்கிறது. 6 இல் தொடங்கும் எட்டு இலக்க நிலைத் தொலைபேசிகளும் உண்டு. 6 இல் தொடங்கும் பத்து இலக்க மொபைல்களும் உண்டு. எட்டாவது இலக்கம் வந்தவுடன் எக்ஸ்சேஞ்சு இணைப்பதா, இன்னும் இரண்டுக்குக் காத்திருப்பதா? முன்னால் ஒரு 0 வைத்தவுடன் ஐயம் தீர்ந்தது. மொபைல்களுக்குப் புதிய எண் வரிசைகள் திறக்கவும் வழி பிறந்தது.

இவற்றைக் கருதும்போது, கோர்படிக் காரியாலயத்துக்குத் தனியே ஒரு வெளி வாயில் இலக்கம் தேவையில்லை என்றே கூறத் தோன்றுகிறது. வெளி அழைப்பு யாவும் 0, அதனையடுத்துப் பத்து இலக்கம். வெளிநாடு 00, அதனையடுத்து நாட்டின் குறியீடும் எண்ணும். புணேக்குள்ளேயே முண்டவாவையோ சிஞ்ச்வடையோ அழைப்பவரும் 020 சேர்த்தே டயல் செய்யட்டும். அதை நீக்கிவிட்டு எட்டு இலக்கத்தை மட்டும் நகர எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும் வேலையைக் காரியாலயத்தின் கருவி செய்துகொள்ளும். மூன்று இலக்கம் கூடுதலாக அழுத்த வேண்டியிருப்பது உண்மையே. ஆனால் 2 இல் தொடங்கும் உள்ளூர் எண்ணை நேரே அழுத்தினால், மூன்றாம் இலக்கத்தில் தரை மாடியில் யாரோ ஒருவர் ஒலிவாங்கியை எடுப்பார். மேலும், நிலைத் தொலைபேசிகளுக்கு இடையேயும் 0 சேர்த்துப் பத்து இலக்கம் டயல் செய்யும் முறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025 பிப்ரவரியில் பரிந்துரைத்துள்ளது. இன்றே அப்பழக்கத்தில் இருப்பவர் பின்னர் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிராது.

தில்லியின் குறியீடும் 112 உம்

2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்து மார்ஷல் நகரில், ஒரு விடுதி அறையில் ஓர் இளம்பெண் கொலைக்கு ஆளானார். அவருடைய ஒன்பது வயது மகள், தனக்குக் கற்பித்திருந்தபடி 911 என்னும் அவசர எண்ணை நான்கு முறை டயல் செய்தாள். அழைப்பு போகவில்லை. அந்த விடுதியின் டெலிபோனில் வெளியே பேசுவதற்கு முன்னால் ஒரு 9 சேர்க்க வேண்டும். அச்சிறுமிக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இறந்தவரின் பெயரால் கேரி சட்டம் எனப்படும் சட்டம் 2018 இல் நிறைவேறி, 2020 பிப்ரவரி 16 முதல் அமலுக்கு வந்தது. பல இணைப்புக் கருவி எதுவாயினும், முன்னிலக்கம் எதுவுமின்றி அவசர எண்ணை நேரே டயல் செய்ய இயல வேண்டும் என்பதும், அவ்வாறு டயல் செய்யப்பட்டதை வரவேற்பறை போன்ற ஓரிடத்துக்குக் கருவி உடனே தெரிவிக்க வேண்டும் என்பதும் அதன் சாரம்.

இந்தியக் காரியாலயத்துக்கு இதை அப்படியே பொருத்தும்போது ஒரு விநோதமான மோதல் எழுகிறது. ஒன்றாம் நிலையைத் திறந்து விட்டால் 112 நேரே செல்லும், அதில் தடையில்லை. ஆனால் 0 ஐ அழுத்தியே வெளியே பேசிப் பழகிய ஊழியர், பதற்றத்தில் 0112 என்று அழுத்தக் கூடும். அவருடைய அழைப்பும் போய்ச் சேர வேண்டும். எனவே 0112 ஐயும் அவசர எண்ணாக எழுதி வைத்தால் என்ன? தில்லியின் குறியீடு 011. அந்நகரத்தின் எண்களில் பெரும் பகுதி 2 இல் தொடங்குகின்றன. தில்லியிலுள்ள அமைச்சகம் ஒன்றை அழைப்பவர் 0, 1, 1, 2 என்று அழுத்தியவுடன் போலீஸ் கட்டுப்பாட்டு அறை பேசத் தொடங்கும். தலைமைக் காரியாலயம் தில்லியில் இருக்குமானால் நாள்தோறும் இருபது முறை இது நிகழும். அவ்வாறு வீணாக அடிக்கும் மணி ஒவ்வொன்றும், உண்மையில் ஆபத்திலுள்ள வேறொருவருக்கு உரிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

இங்கே மட்டும் காத்திருத்தலை அனுமதிப்பதே நேர்மையான தீர்வு. 112 என்று தனியே வந்தால் உடனே இணைப்பு. 0112 வந்தால் கருவி மூன்று விநாடி பொறுக்கிறது. மேலும் இலக்கம் வந்தால் அது தில்லி. வராவிட்டால் முதல் 0 ஐ நீக்கிவிட்டு 112 க்கு அனுப்புகிறது. ஆபத்திலுள்ளவருக்கு மூன்று விநாடி தாமதம் ஏற்படுகிறது என்பது மெய். அத்தாமதம் 0 சேர்த்து அழுத்தியவருக்கு மட்டுமே. 100, 101, 102, 108 ஆகியவற்றுக்கு இத்தொல்லை கிடையாது. 10 இல் தொடங்கும் எஸ்.டி.டி. குறியீடு இல்லையாதலால், 0 சேர்ந்து வந்தாலும் காத்திராமல் இணைத்துவிடலாம்.

அவசர அழைப்பு எந்த ஊரிலிருந்து வெளிப்படுகிறது என்பது இதனினும் முக்கியமானது. அதிகமாக மறக்கப்படுவதும் இதுவே. பல கிளைகளையுடைய ஸ்தாபனங்கள் இப்போது ஒரே கருவியை ஓர் ஊரில் வைத்து, மற்ற ஊர்களின் டெலிபோன்களை இணையவழியாக அதனுடன் சேர்த்துவிடுகின்றன. கருவி பெங்களூரில் இருந்து, வெளி இணைப்புகளும் அங்கேயே இருந்தால், கோர்படியில் டயல் செய்த 108 கர்நாடகத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஒலிக்கும். அங்கிருப்பவர் பரிவுடன் முகவரி கேட்பார். ஊர்தி அனுப்ப அவரால் இயலாது. ஆகவே ஒன்றாம் நிலை அழைப்புகள் மட்டும் புணேயிலுள்ள உள்ளூர் இணைப்பின் வழியாகவே வெளிச்செல்ல வேண்டும் என்று தனியே விதி எழுதப்பட வேண்டும். அவ்விணைப்புக்குரிய கருவிகளுக்கு மின்சாரம் தடைப்பட்டாலும் இயங்கும் மின்கல ஏற்பாடும் அவசியம். அதே நொடியில் வாயிற்காவலரின் டெலிபோனிலும், எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து அழைப்பு சென்றது என்ற குறிப்பு தோன்றினால், ஊர்தி வருமுன் கதவு திறந்திருக்கும். லிப்டும் கீழே காத்திருக்கும்.

யார் எதுவரை பேசலாம்

எல்லா டெலிபோனுக்கும் எல்லா வாயிலும் திறந்திருத்தல் ஆகாது. கூடத்திலுள்ள கருவியில் எவரும் வெளிநாடு பேசலாம் என்றால் மாத முடிவில் கணக்கர் கலங்குவார். முற்காலத்தில் இதற்கெனப் பூட்டுடன் கூடிய டயல்கள் விற்கப்பட்டன. இப்போது வகுப்புப் பிரிவு மென்பொருளில் நடைபெறுகிறது.

1999 இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் எழுதி, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்ட ஆஸ்டெரிஸ்க் என்னும் மென்பொருள் இத்துறையில் பெரிதும் பரவியுள்ளது. அதில் விதிகள் அச்சுகளைப் போல் எழுதப்படுகின்றன. எக்ஸ் என்ற எழுத்து 0 முதல் 9 வரை எந்த இலக்கத்தையும், ஸெட் 1 முதல் 9 வரையுள்ள இலக்கத்தையும், என் 2 முதல் 9 வரையுள்ள இலக்கத்தையும் குறிக்கும். 0 ஐயும், அதன் பின் ஒரு ஸெட்டையும், ஒன்பது எக்ஸ்களையும் எழுதினால், உள்நாட்டு வெளி அழைப்பு முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. இரண்டாவது இலக்கம் 0 ஆக இருக்க முடியாதாகையால், ஐ.எஸ்.டி. இந்த வரியில் நுழையாது. வரிகள் தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு டெலிபோனும் ஓர் அறையில் வைக்கப்படுகிறது. அந்த அறையில் இல்லாத விதி அந்த டெலிபோனுக்கு இல்லாத விதியே. ஒன்றாம் நிலையின் அவசர விதிகள் மட்டும் எல்லா அறையிலும் இருந்தாக வேண்டும். பூட்டி வைக்கப்பட்ட டெலிபோனும் இதற்கு விலக்கன்று.

இம்மென்பொருளில் ஒரு முற்றுப்புள்ளி உண்டு. “இதன் பிறகு எது வந்தாலும் சரி” என்பது அதன் பொருள். 0 ஐ எழுதி ஒரு புள்ளி வைத்துவிட்டால் உள்ளூர், வெளியூர், வெளிநாடு எல்லாம் ஒரே வரியில் முடிந்துவிடும். சோம்பலுக்கு இதனினும் இனிய வழி இல்லை, திருடர்களுக்கும் இல்லை. இணையத்துடன் இணைந்த எக்ஸ்சேஞ்சுகளின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து, விடுமுறை நாள் இரவுகளில் அதிகக் கட்டணமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு ஓயாமல் அழைப்பு விடுத்து, அக்கட்டணத்தில் பங்கு பெறும் கூட்டங்கள் உலகெங்கும் உள்ளன. திங்கட்கிழமை காலையில் வந்து பார்ப்பவருக்குக் கட்டணச் சீட்டே மிஞ்சும். வெளிநாட்டு எண் சர்வதேச ஏற்பாட்டின்படி நாட்டின் குறியீட்டையும் சேர்த்துப் பதினைந்து இலக்கத்துக்கு மேல் போகாது. காரியாலயத்துக்கு வேலையுள்ள நாடுகளோ நான்கைந்துக்கு மேல் இரா. அவற்றின் குறியீடுகளை மட்டும் தனித்தனி வரியாக எழுதி, காரியாலய நேரத்துக்கு வெளியே அவ்வரிகளையும் மூடிவிட அரை மணி நேர வேலை போதும்.

சோதித்தல்

விதிகளை எழுதியவரே சோதித்தால் தாம் எண்ணியதையே டயல் செய்வார். ஆகையால் புதிதாக வந்த எழுத்தரையோ, இரவுக் காவலரையோ ஒலிவாங்கியை எடுக்கச் சொல்லி, வாயால் ஒரு வேலையை மட்டும் கூறுவது நல்ல முறை: சோலாப்பூர்க் கிளையைக் கூப்பிடுங்கள், உங்கள் வீட்டு மொபைலுக்குப் பேசுங்கள், கணக்குப் பிரிவைப் பிடியுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே விதி திருந்த வேண்டும். அவசர எண்களைச் சோதிக்கும்போது, எடுத்தவுடன் இது சோதனை என்றும், ஆபத்து ஏதுமில்லை என்றும், இன்ன முகவரியிலிருந்து பேசுவதாகவும் தெரிவித்து, அவர்கள் வேலை மிகுந்திராத நேரத்தில் சுருக்கமாக முடித்துக்கொள்ள வேண்டும். எந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறை பேசுகிறது என்பதைக் கேட்டறிய மறக்கலாகாது. ஒவ்வோர் அறை வகுப்பிலிருந்தும் ஒரு டெலிபோனிலாவது இச்சோதனை நடைபெறல் வேண்டும். கருவியிலோ வெளி இணைப்பிலோ மாறுதல் செய்யும் ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்தல் வேண்டும்.

பின்னர் ஒவ்வொரு டெலிபோனின் அருகிலும் ஓர் அட்டை ஒட்டப்படுகிறது. அதில் பெரிய எழுத்தில் 112, 108; கீழே அந்த டெலிபோனின் எண்ணும், மாடியும், கட்டடத்தின் தெரு முகவரியும் மராத்தியிலும் இந்தியிலும். பதறிப் பேசுபவர் பலர் தாம் நாள்தோறும் வேலை செய்யும் கட்டடத்தின் முகவரியைச் சொல்லத் தெரியாமல் நிற்பதுண்டு.